குழம்பில் போட்ட உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே இருக்கிறது உப்பூர். வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கூட வந்தவன் நண்பரின் மகன். சென்னையில் செயற்கை நுண்ணறிவு ஸ்டார்ட்-அப் நடத்துகிறான். மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் அரை நாள் அக்கவுன்டன்ட்!

கடற்கரைத் தமிழைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத் தருவது அவர்கள் திட்டம். இரண்டு நாட்களாக மீன் விற்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்து, செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தான். பேச்சு என்றால் மீன் விலை மட்டுமா வரும்? வட்டிக்கு வாங்கிய கடன், மருமகனின் குடி, மகளின் வயிற்றுக் கரு கலைந்தது... எல்லாம் வந்தது.

''எதுக்கு எடுக்குறேன்னு சொன்னியாப்பா?''

''சொன்னா கூச்சப்படுவாங்க அங்கிள். பேச்சு இயல்பா வராது. நாங்க என்ன கூகுளா? மூணு பேர். யாருக்கு என்ன நஷ்டம்?''

கெட்ட பையன் இல்லை. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இது நன்றாகவே புரியும். வக்கீல் ஃபீஸ் என்பது மூவாயிரம் பேர் கம்பெனிக்குத் தூசு. மூன்று பேர் கம்பெனிக்கு மூன்று மாதச் சம்பளம்.

சட்டமும் கொஞ்சம் இரக்கப்படுகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தகவலைப் பத்திரமாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால், அரசு நினைத்தால் ஸ்டார்ட்-அப்களுக்குச் சில விலக்குகள் தரலாம். முறைப்படி முன்னறிவிப்பு தருவது, வேலை முடிந்ததும் அழிப்பது, 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய்?' என்று கேட்டால் சொல்வது... இவற்றிலிருந்தெல்லாம்.

சட்டம் விலக்கு தரலாம். மனசாட்சி தருமா?

''தப்புன்னா அழிச்சிடலாம் அங்கிள்'' என்றான்.

அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் எவர்ஆல்பம் என்று ஒரு கம்பெனி, போட்டோக்களைச் சேமித்துத் தரும் ஆப் நடத்தியது. அந்தப் படங்களை வைத்தே முகம் கண்டுபிடிக்கும் மென்பொருளைப் பழக்கியது, கணக்கை மூடியவர்களின் படங்களையும் வைத்துக்கொண்டது என்பது புகார். 2021-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? படங்களை மட்டும் அல்ல, அவற்றைத் தின்று வளர்ந்த மென்பொருளையும் சேர்த்து அழி என்றது.

குழம்பில் போட்ட உப்பைப் பொறுக்கி எடுக்க முடியுமா? குழம்பைத்தான் கொட்ட வேண்டும். அதனால்தான், போடுவதற்கு முன்பே கேட்க வேண்டியிருக்கிறது.

கடைக்கார பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே டீ ஆற்றினார். கல்லாவுக்குக் கீழே ஒரு மஞ்சள் பை. கடலுக்குப் போனவர் ஒருவர் கொடுத்துவைத்த பணமாம். ''அமானிதம்'' என்றார். நம்பி ஒப்படைத்த பொருள்.

''அவசரத்துக்கு எடுத்துப் புரட்டிக்க மாட்டீங்களா பாய்?'' என்றேன், சும்மா சீண்ட.

''அதெப்படி தம்பி? கடை சின்னதுன்னா அமானிதமும் சின்னதாப் போயிருமா?''

நம் தகவலை வாங்கி வைக்கும் கம்பெனியைப் புதுச் சட்டம் 'ஃபிடூஷியரி' என்கிறது. காலேஜில் நான் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்த வார்த்தை. பாய் ஒரே வரியில் விளக்கிவிட்டார்.

பையன் எழுந்து போனான். ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லிக் கேட்டான். சிலர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். ஒரு அம்மா மட்டும், ''எம் மக சங்கதிய அழிச்சிருப்பா'' என்றார். அழித்தான்.

''இருக்கறதுலயே நல்ல ரெக்கார்டிங் அதுதான் அங்கிள்'' என்றான் காரில். முகத்தில் வருத்தம். இருக்கட்டும், செலவில்லாத நேர்மை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

பிள்ளையார் வெயிலை உகந்து ஏற்றுக்கொண்டார். அது அவர் இஷ்டம். அதற்காக ஊரையே வெயிலில் நிறுத்த நமக்கு உரிமை இல்லை.