செல்பேசியில் நலம் விசாரித்தால் கடமை தீருமா?

பகாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில், செம்பனைக் குலை கழுத்தின்மேல் விழுந்து, மார்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் இழந்த சகோதரர் ஒருவரை நம்மில் பலர் அறிவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அவருக்கு நம் வாலிபர்கள் நல்லதொரு செல்பேசியும், அதைக் கட்டிலோரம் நிறுத்த ஒரு தாங்கியும் வாங்கிக் கொடுத்தனர். அன்று முதல் ஜும்ஆ முடிந்ததும் பத்துப் பேர் கூடி, திரையில் அவர் முகம் கண்டு, சலாம் சொல்லி, துஆச் செய்து கலைகிறோம். நேரில் சென்று மாதங்கள் ஆகின்றன. நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய ஹக்குகளுள் ஒன்று. அது இவ்வாறு நிறைவேறிவிட்டதா என்று சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். எவரும் விடை கூறவில்லை. ஆகவே அதுபற்றிச் சிறிது எழுதத் துணிந்தோம்.

கருவியைப் பழிப்பது நம் நோக்கமன்று. தோட்டத்திலேயே டிரெசர் இருந்து மருந்து கொடுத்த காலம் போயிற்று. இன்று லயத்து வீட்டிலிருந்து சிரம்பானுக்கு ஒருவரைக் கொண்டுசெல்ல, தூக்கி வைக்க இருவர் வேண்டும். வேன் வாடகை வேண்டும். மனைவியின் ஒரு நாள் கூலி போகும். பல மணி நேரம் அமர்ந்தே இருந்துவிட்டு, புதுப் புண்ணோடு வீடு திரும்புவோரும் உண்டு. இந்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலேயே தொலைமருத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், மருத்துவரைத் திரையில் காணும் பழக்கம் சாதாரண மக்களிடம் பரவியது 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின்னரே. மருந்தை மாற்றவும், பரிசோதனை முடிவை அறியவும், சிறுநீர்க் குழாய் பற்றி ஓர் ஐயம் கேட்கவும் ஐந்து நிமிடப் பேச்சு போதும். அசைய இயலாதவருக்கு இது ரஹ்மத்தேயன்றி வேறென்ன? சக்கர நாற்காலியில் ஏறி இறங்கும் பயிற்சி போன்றவற்றுக்கு நேரில்தான் செல்லவேண்டும். பெர்கேசோ சந்தா செலுத்திய தொழிலாளருக்காக 2014 முதல் மலாக்காவில் ஒரு மறுவாழ்வு நிலையம் இருப்பதைத் தோட்டத்தில் பலர் அறியார். அதைச் சொல்வதும் நம் வேலை.

ஆனால் தண்டுவடம் பழுதான உடலின் தன்மையைச் சற்று நோக்குவோம். உறக்கத்தில் நாம் நம்மையறியாமலே புரண்டுகொள்கிறோம். ஓரிடம் அழுந்தினால் உடல் சொல்லிவிடுகிறது. அவருக்கு அந்தச் சொல் எட்டுவதில்லை. எனவே படுக்கையில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை அவரைப் புரட்டவேண்டும் என்பர் மருத்துவர். தவறினால் எலும்பின் மேலுள்ள சதை ரத்தவோட்டமின்றி அழுகும். நஞ்சு உடலெங்கும் பரவி உயிரையும் வாங்கும்.

வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்பு சூறாவில் இதற்கொரு குறிப்பு உண்டு. குகையில் உறங்கிய அந்த வாலிபர்களை வலப்புறமும் இடப்புறமும் புரட்டி வந்ததாக அல்லாஹ் கூறுகிறான். மண் அவர்கள் உடலை அரித்துவிடாதிருக்கவே அவ்வாறு செய்தான் என்பது விரிவுரையாளர் விளக்கம். முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கவைக்க வல்லவன், புரட்டாமலே காக்கவும் வல்லவனன்றோ? இருந்தும் புரட்டினான். அந்த சூறாவை ஓதிவிட்டு, அதே வெள்ளிக்கிழமை செல்பேசியை எடுத்துக் கையசைத்து முடிக்கிறோம் நாம்.

படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று புத்தகங்கள் கூறும். அது வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும். நம் கருந்தோலில் அச்சிவப்பு நேரில் பார்ப்போருக்கே எளிதில் தெரியாது. செல்பேசிப் படத்தில் எங்கே தெரியப்போகிறது? சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டே அறியவேண்டும். திரையிலிருக்கும் மருத்துவரும் தொட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்பார். தொடுவதற்கு அங்கே யார்? புரட்டும் நேரத்தைச் செல்பேசி மணியடித்துச் சொல்லும். இரவு 2 மணிக்கும் சொல்லும். ஆனால் அது எழுப்புவது விடியுமுன் வேலைக்குக் கிளம்பவேண்டிய மனைவியை.

மற்றொன்று. கழுத்திலோ மேல்மார்பிலோ தண்டுவடம் பழுதானவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலியும் முகத்தில் வியர்வையும் கண்டால், ரத்த அழுத்தம் அபாயமாக ஏறுகிறது என்று கொள்ளவேண்டும். பெரும்பாலும் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கும், அல்லது மலம் கட்டியிருக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாய் மடங்கியுள்ளதா எனப் பார்த்து, 999-ஐ அழைக்கவேண்டும். திரையில் முறை வரும்வரை காத்திருக்கும் காரியமன்று இது. அருகில் ஆள் இல்லையேல் செல்பேசியை எடுக்கவும் அவர் கையால் இயலாது.

கடையநல்லூர், தென்காசிப் பகுதிகளைப் பூர்விகமாகக் கொண்ட நம்மவர் ஆய்க்குடியை அறிவர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக அச்சங்கத்தார் ஒரு செயலியை உருவாக்கினர். அதை வீட்டுக்கு வீடு எடுத்துச் செல்வது களப்பணியாளர்கள். நிபுணர் தொலைவிலிருந்து வழிகாட்டுவார். குழந்தையைத் தொட்டுப் பயிற்சி கொடுப்பது வந்தவர் கை. கருவியின் இடம் இதுவென்றே நமக்குத் தோன்றுகிறது.

எனவே பெரியவருக்கு நம் விடை இது. பினாங்கிலும் இராமநாதபுரத்திலும் இருக்கும் உறவினருக்குத் திரையே போதும். சக்திக்கு மீறி எவர்மீதும் சுமை இல்லை. அரை மணி நேரத் தொலைவிலுள்ள நமக்கு அது சலாமாகும், நலம் விசாரித்ததாகாது. நோயுற்ற அடியானை நீ காணச் சென்றிருந்தால் அவனிடத்தில் என்னைக் கண்டிருப்பாய் என்று மறுமையில் இறைவன் கூறுவதாக நபிகள் பெருமானார் (ஸல்) அறிவித்திருக்கிறார்கள். அங்கே பேசப்படுவது செல்வது பற்றி. நலம் விசாரிப்பதைச் சுன்னத் என்போரும், பர்ளு கிபாயா என்போரும் உண்டு. ஆதரவற்றுக் கிடப்பவரைப் பராமரிப்பதோ ஐயமின்றிப் பர்ளு கிபாயா. ஒருவரும் செய்யாவிடில் ஊரே குற்றவாளி.

நம் தவறொன்றையும் மறைப்பதற்கில்லை. மருத்துவருக்கென எடுத்த புண்ணின் படம், நிதி திரட்டும் ஆர்வத்தில் நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அங்கிருந்து எங்கெங்கோ சென்றது. பணம் சேர்ந்தது உண்மை. ஆனால் அது அவருடைய அவ்ரத். திரும்பி மறைத்துக்கொள்ள அவரால் இயலாது என்பதற்காக அது நம் பொதுச்சொத்தாகிவிடுமா? அவரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. அப்படங்களை வைத்திருப்போர் இன்றே அழித்துவிடுக.

இதுவரை இரவு நேரத்தில் அந்த மனைவிக்குத் துணையாக வந்து புரட்டிவிடுபவர், பக்கத்து வீட்டில் வசிக்கும் ஓர் இந்துச் சகோதரர். வரும் வாரம் நம்மில் நால்வர் அங்கே சென்று, எந்தெந்த இரவுகளில் நாம் வரலாம் என்று அவரிடமும், நோயாளியிடமும், அவர் மனைவியிடமும் கேட்டறிய ஏற்பாடாகியிருக்கிறது. உடன்வர விரும்புவோர் இஷாவுக்குப் பின் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.