வென்றவரின் கடன்

1979 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்து மக்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. எடின்பரோவில் உங்களுக்கென்று தனியாக ஒரு சட்டமன்றம் வேண்டுமா? வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். ஆனால் சட்டமன்றம் வரவில்லை. வாக்காளர் பட்டியலில் உள்ள அத்தனை பேரிலும் குறைந்தது 40 விழுக்காட்டினர் 'வேண்டும்' என்று சொல்லியிருக்க வேண்டும் என வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் முன்னதாகவே சட்டத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தது. வாக்குச்சாவடிக்கு வராதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தப் பெரும்பான்மை 33 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் முழுவதும் இன்னொரு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா, விலகுவதா? விலகலாம் என்றவர்கள் 51.9 விழுக்காடு, தொடரலாம் என்றவர்கள் 48.1 விழுக்காடு. இரு தரப்புக்கும் இடையே ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் வாக்குகள். பழைய 40 விழுக்காட்டு அளவுகோலை எடுத்து இங்கே வைத்தால் விலகலும் தோற்றுப்போயிருக்கும். 4 கோடியே 65 லட்சம் வாக்காளர்களில் விலகலாம் என்றவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர், அதாவது 37 விழுக்காடுதான். ஆனால் 2015இல் இயற்றப்பட்ட வாக்கெடுப்புச் சட்டத்தில் அப்படி எந்த அளவுகோலும் இல்லை. ஒரே ஒரு வாக்கு கூடுதலாக விழுந்தாலும் அது வெற்றிதான்.

ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு பெரும்பான்மைகள். ஒன்று கைவிடப்பட்டது, மற்றது ஒரு நாட்டின் போக்கையே திருப்பியது. அப்படியென்றால் பெரும்பான்மைக்கு அறவலிமை எங்கிருந்து வருகிறது? எண்ணிக்கையிலிருந்து மட்டும் வருவதில்லை. வாக்குப்பெட்டியைத் திறக்கும் முன் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட விதியிலிருந்து வருகிறது. தோற்ற பிறகு விதியை மாற்றக் கேட்பவர், வென்றிருந்தால் அதே மாற்றத்தைக் கேட்டிருப்பாரா என்பதுதான் உரைகல்.

அந்த உரைகல்லில் இரு தரப்பும் தேறவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு, விலகல் இயக்கத்தின் முகமாக விளங்கிய நைஜல் ஃபராஜ், தொடர்வோர் 52க்கு 48 என்று வென்றால் விவகாரம் அத்தோடு முடிந்துவிடாது என்று ஒரு நாளிதழிடம் சொல்லியிருந்தார். வென்றது தங்கள் தரப்பு என்றானதும் அதே 52, மக்களின் இறுதித் தீர்ப்பாகிவிட்டது. வெற்றி பெற்ற தரப்பு 60 விழுக்காட்டை எட்டாமல், வாக்குப்பதிவும் 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் மறு வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்ற மனு ஒன்று அந்த நாட்களில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. கையெழுத்திட்டவர்கள் பெரும்பாலும் தோற்றவர்கள். மனுவைத் தொடங்கியவரோ விலகலை ஆதரித்தவர். தம் தரப்பு தோற்றுவிடும் என்று அஞ்சி, முடிவு வருவதற்கு முன்பே தொடங்கிவைத்திருந்தார்.

இதனால் தோற்றவர்களின் முதல் கடன் தெளிவாகிறது. கேட்கப்பட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது, அந்த விடையை மதித்தாக வேண்டும். சட்டப்படி அந்த வாக்கெடுப்பு வெறும் ஆலோசனைதான் என்று சிலர் வாதாடினார்கள். சட்டத்தின் எழுத்தில் அது சரி. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசே அனுப்பிய துண்டறிக்கை, நீங்கள் எடுக்கும் முடிவை அரசு நிறைவேற்றும் என்று வாக்குறுதி தந்திருந்தது. வாக்குறுதி கொடுத்து ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு, அவர் சொன்னது பிடிக்காததால் நாங்கள் சும்மாதான் கேட்டோம் என்பது ஏய்ப்பு. 2019இல் லிபரல் டெமாக்ரட் கட்சி, ஆட்சிக்கு வந்தால் மறு வாக்கெடுப்புகூட இல்லாமல் விலகலை ரத்து செய்வோம் என்று அறிவித்தது. நாட்டுக்கு நன்மை செய்வதாக நம்பித்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். அந்த நம்பிக்கை உண்மையாக இருந்தாலும், அந்த அறிவிப்பு அறமல்ல.

விடையை மதிக்கமாட்டார்கள் என்ற சந்தேகத்தில் ஐரோப்பாவின் பழைய நடத்தைக்கும் பங்குண்டு. 1992இல் டென்மார்க் மக்கள் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். மறு ஆண்டு மறுபடி கேட்டு ஒப்புதல் வாங்கப்பட்டது. அயர்லாந்து 2001இல் நீஸ் ஒப்பந்தத்தையும் 2008இல் லிஸ்பன் ஒப்பந்தத்தையும் மறுத்தது. இரண்டு முறையும் அடுத்த ஆண்டே மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. இடையில் சில சலுகைகளும் விளக்கங்களும் தரப்பட்டது உண்மைதான். ஆனாலும், வேண்டிய விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்ற மனக்கசப்பு அங்கிருந்துதான் ஊறியது.

தோற்றவர்கள் வென்றவர்களைப் பற்றிப் பேசிய பேச்சு இன்னும் மோசமானது. வேல்ஸின் எப் வேல் பழைய எஃகு ஆலை நகரம், ஐரோப்பிய நிதி தாராளமாகப் பாய்ந்த இடம். அந்த வட்டாரத்தில் 62 விழுக்காட்டினர் விலகலுக்கு வாக்களித்தார்கள். நன்றி கெட்டவர்கள், விவரம் அறியாதவர்கள் என்று லண்டனிலிருந்து கேலி வந்தது. ஆலை மூடி வேலை போன ஊரில் புதிய சாலை ஓரத்தில் நிற்கும் ஐரோப்பியக் கொடிப் பலகை அந்த மக்களுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. முதியவர்கள் இளையோரின் எதிர்காலத்தைத் திருடிவிட்டார்கள் என்றும் ஒரு குரல் எழுந்தது. வயதானவர்கள் பெரும்பாலும் விலகலையும் இளையவர்கள் பெரும்பாலும் தொடர்வதையும் தேர்ந்தார்கள் என்பது மெய். அதற்காக, வாழப்போகும் ஆண்டுகளை எண்ணி வாக்கின் எடையைக் குறைக்கலாம் என்றால், நாளை நோயாளியின் வாக்கையும் குறைக்கலாம்.

இனி வென்றவர்களின் கடன். இதுதான் கனமானது.

அந்த வாக்கெடுப்பில் யார் கேட்கப்பட்டார்கள், யார் கேட்கப்படவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். லண்டனின் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ முறையாகக் குடியிருந்த தமிழர், கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தாலும், காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் வாக்களிக்க முடிந்தது. வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தாலும் தடையில்லை. அடுத்த வீட்டில், 2004இல் போலந்து ஒன்றியத்தில் சேர்ந்த கையோடு வந்து, பன்னிரண்டு ஆண்டுகளாக வரி கட்டி, பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்பும் போலந்துக்காரர் வாக்களிக்க முடியாது. முடிவு யாருடைய வாழ்க்கையைப் புரட்டப்போகிறதோ அவருக்கு வாக்கில்லை. அதிகம் பாதிக்கப்படாத பக்கத்து வீட்டுக்காரருக்கு வாக்குண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் வாழ்ந்த பிரிட்டிஷ்காரர்களுக்கும் வாக்கில்லை. 16, 17 வயதினருக்கும் இல்லை. இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு, 2014இல் ஸ்காட்லாந்து தனிநாடாவது பற்றிய வாக்கெடுப்பில், அங்கே குடியிருந்த ஐரோப்பியர்களும் 16 வயதானவர்களும் வாக்களித்திருந்தார்கள்.

நாட்டின் அடிப்படைக் கேள்வியைக் குடிமக்களே முடிவு செய்ய வேண்டும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒருவரைக் கேட்காமல் அவர் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுத்தவருக்குக் கூடுதல் பொறுப்பு வந்துவிடுகிறது. விலகல் பிரசாரத் தலைவர்களும் இதை உணர்ந்தவர்கள் போலத்தான் பேசினார்கள். ஏற்கெனவே குடியிருக்கும் ஐரோப்பியர்களுக்கு எந்த மாற்றமும் வராது, காலவரையற்ற தங்கும் உரிமை தானாகவே கிடைக்கும் என்று வாக்கெடுப்புக்கு முன்பே அறிக்கை விட்டார்கள்.

முடிவு வந்தபின் என்ன நடந்தது? பிரதமர் தெரசா மேயின் அரசு அந்த உறுதியைத் தர மறுத்தது. ஐரோப்பாவில் வாழும் பிரிட்டிஷ்காரர்களுக்கு அதே உறுதி கிடைக்கும்வரை தர முடியாது என்றது. அப்போதைய மதிப்பீட்டின்படி சுமார் 30 லட்சம் பேரின் வீடும் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பேரம் பேசும் மேசையில் சீட்டுகளாக வைக்கப்பட்டன. 2017 மார்ச் 1 அன்று பிரபுக்கள் சபை, அவர்களின் உரிமையைக் காக்கும் திருத்தத்தை 358க்கு 256 என்று நிறைவேற்றியது. பன்னிரண்டு நாளில் மக்கள் சபை அதை நீக்கியது. இந்த முழு விவகாரத்திலும் மன்னிக்கக் கடினமான இடம் இதுதான். எதிர்த் தரப்பிடமிருந்து எதைப் பெறுவதற்காகவும் தன் ஊரில் நம்பி வந்து குடியேறியவரின் நிம்மதியை அடகு வைக்கக்கூடாது. விலகலுக்கு வாக்களித்தவர்களிலேயே பலர் இதைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். பின்னால் தங்கும் உரிமை வந்தது, 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றார்கள். ஆனால் தானாகக் கிடைக்கவில்லை. 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் கிடந்தவர்களும், விவரம் தெரியாத பெற்றோரின் பிள்ளைகளும் அந்தக் கெடுவைத் தவறவிடும் அபாயத்தோடு நின்றார்கள்.

வென்றவர்களின் இரண்டாவது கடன், கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது. வாக்குச்சீட்டில் விலகுவதா என்றுதான் இருந்தது, எப்படி விலகுவது என்று இல்லை. நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் அதன் ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. துருக்கி சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. இரண்டிலும் இல்லாமல் முற்றாக வெளியேறலாம். எல்லாமே விலகல்தான். 52 பேர் வாயிலைக் காட்டினார்கள், வெளியே எந்தத் தெருவில் போவது என்பதை நூறு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும். தெரசா மே 2017 ஜனவரியில் லங்காஸ்டர் ஹவுசில் ஆற்றிய உரையில் ஒற்றைச் சந்தையிலும் இருக்கமாட்டோம், இப்போதுள்ள வடிவில் சுங்க ஒன்றியத்திலும் இருக்கமாட்டோம் என்று தாமே அறிவித்தார். தோற்ற 1 கோடியே 61 லட்சம் பேரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் தொடரவே வாக்களித்திருந்தார்கள். 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பின் காவல் கோபுரங்கள் அகன்று அமைதியான அயர்லாந்து எல்லையை என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த உரையில் நல்ல எண்ணம் இருந்தது, வழி இல்லை.

கேள்வி கேட்டவர்களைத் துரோகி என்பது அப்போதிருந்தே பழக்கமாயிற்று. விலகல் நடைமுறையைத் தொடங்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை என்று 2016 நவம்பரில் தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் படங்களைப் போட்டு, மக்களின் எதிரிகள் என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டது ஒரு நாளிதழ். அவர்கள் விலகக்கூடாது என்று சொல்லவில்லை. நாடாளுமன்றத்தைக் கேளுங்கள் என்றார்கள், அவ்வளவுதான். நாடாளுமன்றத்தின் இறையாண்மையை மீட்கத்தான் விலகல் என்று சொன்னவர்களுக்கு அது இனித்திருக்க வேண்டும்.

சொற்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, யார்க்‌ஷயரின் பர்ஸ்டல் என்ற சிற்றூரில், தொகுதி மக்களைச் சந்திக்கப் போன நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் தெருவில் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 41, இரண்டு சிறு குழந்தைகள். 2019 செப்டம்பர் 25 அன்று மக்கள் சபையில் பவுலா ஷெரிஃப் என்ற உறுப்பினர், ஜோ காக்ஸின் நினைவுச் சின்னத்தைச் சுட்டிக்காட்டி, சரணாகதி, துரோகம் போன்ற சொற்களை விடுங்கள், எங்களுக்குக் கொலை மிரட்டல்கள் வருகின்றன என்று பிரதமர் போரிஸ் ஜான்சனிடம் மன்றாடினார். அதெல்லாம் வெறும் பிதற்றல் என்ற பொருள்படும் ஒரு சொல்லால் பிரதமர் அதைத் தள்ளினார். ஒரு பிரதமர் தன் எதிராளியின் உயிரச்சத்துக்கு அப்படிப் பதில் சொல்லியிருக்கக்கூடாது.

ஆனால் நடுவழி அடைபட்டதற்கு வென்றவர்கள் மட்டும் காரணமல்ல. மேயின் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 432க்கு 202 என்று தோற்று, பின்னும் ஒருமுறை தோற்ற பிறகு, மக்கள் சபை தானே மாற்றுவழிகளை வாக்குக்கு எடுத்தது. ஏப்ரல் 1 அன்று, ஒன்றியத்தை விட்டு வெளியேறிச் சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருப்போம் என்ற முன்மொழிவு 273க்கு 276 என்று மூன்றே வாக்குகளில் வீழ்ந்தது. முழு விலகல் கேட்டவர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. இன்னொரு வாக்கெடுப்பே வேண்டும் என்று நின்றவர்களிலும் சிலர் அதற்குக் கைகொடுக்கவில்லை. முழுசும் கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் பாதியையும் இழந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜான்சன் 80 இடப் பெரும்பான்மையோடு வந்தார், 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியது.

எல்லாவற்றுக்கும் முன்னால், கேள்வியைக் கேட்டவரின் கடன் ஒன்று இருந்தது. அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் தம் கட்சிக்குள் இருந்த பூசலைத் தீர்க்க நாட்டைக் கேட்டார். விடை பாதகமாக வந்தால் என்ன செய்வது என்று அதிகாரிகள் திட்டமிடுவதை அவர் அரசு அனுமதிக்கவில்லை. வாக்கெடுப்புக்கு மறுநாள் காலையே பதவி விலகலை அறிவித்தார். ஏற்க மனமில்லாத ஒரு விடைக்கு இடம்வைத்துக் கேள்வி கேட்பவர், அந்த விடையின் சுமையைத் தாமே தூக்க ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இன்று விலகல் தவறு என்போர், சரி என்போரைவிட அதிகம் என்று கருத்துக்கணிப்புகள் சில ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. மறுபடி கேட்கலாமா? 1975இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் தொடர்வதென்று 67 விழுக்காட்டினர் முடிவு செய்தார்கள். அன்று தோற்றவர்கள் வாய்மூடி இருக்கவில்லை, 41 ஆண்டுகள் தொடர்ந்து வாதாடி 2016இல் வென்றார்கள். அந்த உரிமை 2016இல் தோற்றவர்களுக்கும் உண்டு. என்றைக்காவது மறுபடி கேட்பதானால், எத்தனை விழுக்காடு போதும் என்பதையும், எந்த வகையான உறவு என்பதையும் சீட்டு அச்சாகும் முன்பே எழுதிவைக்க வேண்டும். அந்தப் போலந்துக்காரரும் இம்முறை வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். அவருடைய பிள்ளைகள் இதற்குள் வாக்களிக்கும் வயதுக்கு வந்திருப்பார்கள்.