பக்கக் கணக்கும் அறக்கணக்கும்

நூல் வாசிப்பதும் அறம். பிறர் துயர் தீர்க்கப் பொருள் ஈவதும் அறம். இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, ஒரு குழந்தை வாசிக்கும் ஒவ்வொரு நூலுக்கும் உற்றார் ஒரு தொகை தருவது, அத்தொகை நோயுற்றோர்க்கோ எளியோர்க்கோ சென்று சேர்வது என்று ஒரு முறை வகுத்தால் அதில் குறை காண என்ன இருக்கிறது? நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஒரு கோடை விடுமுறையில் நம் ஊர்ச் சிறுவர்களைக் கொண்டு அதனை நடத்திப் பார்த்த பிறகே இவ்வினாவின் ஆழம் புலனாயிற்று. அந்த அனுபவத்தை ஒளிக்காமல் அன்பர்கள் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறோம்.

இம்முறை நாம் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டில் 'ரீடத்தான்' என்னும் பெயரில் பள்ளிக் குழந்தைகளுக்கான வாசிப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. குழந்தைகள் தாம் விரும்பிய நூல்களை வாசிப்பர். பெற்றோரும் சுற்றத்தாரும் அதனை முன்னிட்டுப் பொருள் தருவர். அப்பொருள், மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு நூல்கள் கொண்டு செல்லவும், கதை சொல்வோரை அனுப்பவும் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவிலும் 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நரம்பு நோயால் வருந்துவோர்க்கு உதவும் பொருட்டு இத்தகைய இயக்கம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. நலமாயுள்ள குழந்தை தன் வாசிப்பினால் படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு நூலை அனுப்புகிறது என்பது எண்ணுந்தோறும் இனிக்கும் செய்தியன்றோ?

நமக்கும் இக்கருத்து அயலானதன்று. உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களில் மருந்தும் உண்டு, நூலும் உண்டு. சுவாத்தியாயம் எனப்படும் நூலோதுதலை அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் நம் ஆசிரியர்கள். ஆகவே தவமும் தானமும் ஒருங்கே நிகழும் என மகிழ்ந்து பணியில் இறங்கினோம். அண்மைச் சிற்றூர் ஒன்றில் நோயுற்றிருந்த ஏழைச் சிறுமி ஒருத்தியின் மருத்துவச் செலவுக்கு உதவுவது எம் நோக்கம். சிறுவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை அளித்தோம். வாசித்த நூலின் பெயரை எழுதிப் பெற்றோரிடம் கையொப்பம் பெறவேண்டும். நூல் ஒன்றுக்கு ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ தருவதாக உறவினர் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்துடன் நின்றிருக்கலாம். ஊக்கம் பெருகட்டும் என்று, மிகுதியாக வாசித்தவர்க்குப் பரிசு உண்டு என்றும் அறிவித்தோம்.

ஒரு திங்கள் கழிந்தது. சிறுவன் ஒருவனது அட்டையில் 41 நூல்கள் இருந்தன. நிறைவு விழாவில் முதியவர் ஒருவர், அன்பு மேலிட, அவற்றுள் ஒரு நூலின் பெயரைச் சொல்லி, "இதில் உனக்குப் பிடித்தது எது, தம்பி?" என வினவினார். சிறுவன் வாய் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் அழுதுவிட்டான். அவன் உண்மையில் வாசித்தவை 14 மட்டுமே. எஞ்சியவற்றுக்கு அறிந்தே கையொப்பமிட்ட தந்தையார், "நல்ல காரியத்துக்குத்தானே என்று விட்டுவிட்டேன்" என்றார். அதே விழாவில், கண்பார்வை குன்றிய தன் பாட்டிக்கு நாள்தோறும் மாலையில் ஒரு பெரிய நூலை உரக்க வாசித்துக் காட்டிய சிறுமி, தன் அட்டையில் ஒரே ஒரு பெயர்தான் உள்ளது என்று நாணிக் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள்.

விழா முடிந்ததும் எம்முள் வாதம் எழுந்தது. "பணம் மருந்தாகிவிட்டது. பொய்க் கணக்கில் வந்த பணத்தால் வாங்கிய மருந்து நோயைத் தீர்க்காதா?" என்றார் ஒருவர். தீர்க்கும், அதில் ஐயமில்லை. ஆயினும் மருந்தின் பயன் நோயாளியைச் சேர்வது போலப் பொய்யின் பயன் பொய்த்தவரைச் சேரும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க வினைக்கணக்கில் இடமில்லை. மேலும் இது பொய்யாமைக்கு மட்டும் நேர்ந்த இழுக்கன்று. பொய் அளவு, பொய் நிறை கொண்டு பொருள் பெறுவதைக் களவாமை என்னும் விரதத்துக்கு நேரும் குற்றங்களுள் ஒன்றாக நம் நூல்கள் வைத்துள்ளன. ஈந்தவர் அட்டையை நம்பி ஈந்தார். அட்டையோ பொய்ப் படியாக இருந்தது.

குற்றம் யாருடையது? செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என வினை வந்து சேரும் வழிகள் மூன்று. சிறுவன் செய்தான், தந்தையார் உடன்பட்டார், செய்வித்தவர் யார்? எண்ணிக்கைக்குப் பரிசு வைத்த நாமே. சுவாத்தியாயத்துக்கு வாசித்தல், ஐயம் வினாவுதல், சிந்தித்தல், ஓதிப் பயிலுதல், பிறர்க்கு உரைத்தல் என ஐந்து உறுப்புகள் உண்டு. எம் அட்டையோ முதல் உறுப்பை மட்டுமே எண்ணியது. பாட்டிக்கு வாசித்த சிறுமியின் ஐந்தாம் உறுப்பை எண்ண அதில் கட்டமே இல்லை. தவத்தின் பயனாக ஒன்றை வேண்டி நிற்பதை நிதானம் என்னும் முள்ளாகக் கூறுவர். அம்முள்ளைச் சிறுவர் நெஞ்சில் தைத்தவர் நாமே.

இங்கு ஒரு பழஞ்செய்தி நினைவுக்கு வருகிறது. சீவக சிந்தாமணியை ஆராய்ந்து 1887ஆம் ஆண்டில் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சைனர் இல்லம் ஒன்றில் அந்நூலைப் பல மாதங்கள் முறையாக வாசித்துக் கேட்டு முடித்ததை விழாவாகக் கொண்டாடக் கண்டார். ஒரு நூல், பல மாதங்கள், வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர், முடிவில் தோரணமும் விழாவும். நம் முன்னோரும் வாசிப்பைக் கொண்டாடினர். ஆனால் எண்ணிக்கையைக் கொண்டாடவில்லை.

நாம் செய்த பரிகாரம் இதுவே. பொருள் தந்தவர்களிடம் உண்மையைத் தெரிவித்து, வேண்டுவோர் திரும்பப் பெறலாம் என்றோம். ஒருவர் கேட்டார், எம் கையிலிருந்து கொடுத்தோம். சிறுவன் எஞ்சிய நூல்களை அடுத்து வந்த மாதங்களில் தந்தையாருடன் அமர்ந்து வாசித்தான். மறு ஆண்டு முறையை மாற்றினோம். ஈவோர் தம் தொகையை முன்னரே முடிவு செய்து தருவர். அது நூல்களின் எண்ணிக்கையால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நாளொன்றுக்கு அரைமணி நேரம் வாசித்தலே குழந்தையின் நோன்பு; பிறர்க்கு வாசித்துக் காட்டலும் அதில் அடங்கும். பரிசு இல்லை, யார் வழியாக எவ்வளவு வந்தது என்று மேடையில் படிப்பதும் இல்லை.

அவ்வாண்டு சேர்ந்த தொகை முன்னதினும் குறைவே. இதனை மறைக்க விரும்பவில்லை. "தூய்மை பார்த்து நோயாளியின் மருந்தைக் குறைத்துவிட்டீர்களே!" என்று கேட்போர் உளர், அக்கேள்வி நியாயமானதே. அதற்கு எம் விடை ஒன்றுதான்: குறைந்ததை நிரப்பக் கடன்பட்டவர்கள் பொருளீட்டும் பெரியோராகிய நாம். நம் பையிலிருந்து எடுக்க வேண்டியதைக் குழந்தையின் வாய்மையிலிருந்து எடுக்கலாகாது. அவ்வாண்டு அவ்வாறே செய்தோம்.

மறு ஆண்டு விழாவில் அச்சிறுவன் தானாகவே எழுந்து இரண்டு நூல்களைப் பற்றிப் பேசினான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுள் எவரும் எண்ணிக்கை கேட்கவில்லை. நல்ல நோக்கத்துடன் இத்தகைய வாசிப்புப் பணியைத் தொடங்க விழையும் இல்லங்களும் சங்கங்களும், பக்கங்களை எண்ணத் தொடங்குமுன் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.