வராதவர் கணக்கு

ஏலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. போடிநாயக்கனூரில் அந்த இரண்டும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கின்றன. ஏலத்தை ஏலம் விட்டே வளர்ந்த ஊர் அது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் அங்கே ஒன்று இருக்கிறது. மலைக்கு அப்பால், கேரளத்துப் புற்றடியில் இன்னொன்று. ஒரு காலத்தில் வாய்விட்டு விலை கேட்ட வியாபாரிகள் இப்போது கணினிக்கு முன்னால் அமர்ந்து விரலால் கேட்கிறார்கள். ஏலம் முடிந்ததும் இரண்டு எண்கள் ஊருக்குள் வந்து சேர்கின்றன. ஒன்று அன்றைய உச்ச விலை. மற்றொன்று சராசரி விலை.

இந்த இரண்டு எண்களையும் தோட்டக்காரர் எப்படிக் காதில் வாங்கிக்கொள்கிறார் என்பதைக் கவனித்தால், நம் கல்வி அதிகாரிகள் சிலருக்கு அதை ஒரு பாடமாகவே வைக்கலாம் என்று தோன்றும். 2019 ஆகஸ்டில் உச்ச விலை கிலோவுக்கு 7000 ரூபாயைத் தொட்டது. அதைக் கேட்ட எந்தத் தோட்டக்காரரும் தம்முடைய மூட்டைகளை ஏழாயிரத்தால் பெருக்கிக் கடன்காரரிடம் வாக்குக் கொடுத்திருக்க மாட்டார். உச்ச விலை யாரோ ஒருவருடைய ஒரு குவியலுக்குக் கிடைத்தது என்பது அவருக்குத் தெரியும். சராசரியைக் கேட்டுச் சந்தையின் போக்கைத் தெரிந்துகொள்வார். பிறகு மூன்றாவதாக ஒன்றைக் கேட்பார்: “நம்ம காய் என்ன விலைக்குப் போச்சு?”

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்குவம் நமக்கு எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை. உச்ச மார்க்கு வாங்கிய பிள்ளையின் படம் சுவரில் ஏறுகிறது. சராசரியும் தேர்ச்சி சதவிகிதமும் மேலிடத்துக்குப் போகின்றன. மூன்றாவது கேள்வியைக் கேட்பார் இல்லை.

ஒரு பிள்ளையை எண்ணால் அறிவது தகுமா என்று மனச்சாட்சியுள்ள ஆசிரியர்கள் பலர் தயங்குவதுண்டு. “என் வகுப்பில் ஒவ்வொருவனையும் முகம் பார்த்துத் தெரியும், எனக்கு எதற்குக் கூட்டலும் வகுத்தலும்?” என்பார்கள். அந்தத் தயக்கத்தில் ஒரு கண்ணியம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால், முகம் பார்த்து அறிவது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எத்தனை முகங்களை? முதல் பெஞ்சுக்காரனைத் தெரியும். கடைசி பெஞ்சில் கலகம் செய்கிறவனை அதைவிட நன்றாகத் தெரியும். நடுவில், ஜன்னல் ஓரமாக, வாரத்துக்கு இரண்டு நாள் வராமலும் வந்த நாளில் வாய் திறவாமலும் இருக்கிற பெண்ணை யாருக்குத் தெரியும்? ஆஜர்ப் பட்டியலுக்குத்தான் தெரியும். அதற்குக் கண் இல்லை. ஆகையால் ஓரவஞ்சனையும் இல்லை.

இது புதிதாக வந்த சரக்கும் அல்ல. 1917 வாக்கில் பிரஜேந்திரநாத் சீல் என்ற தத்துவப் பேராசிரியர், கல்கத்தா சர்வகலாசாலையின் பரீட்சை முடிவுகளைப் புள்ளிவிவர முறையில் ஆராய்ந்து தரும்படி ஓர் இளம் பௌதிக ஆசிரியரைக் கேட்டார். அந்த இளைஞர் மகலனோபிஸ். 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்து, பின்னாளில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கே கணக்குப் போட்டுக் கொடுத்தவர், இந்த வித்தையில் கைவைத்தது மாணவர் மார்க்குகளில்தான். கேட்டவர் தத்துவப் பேராசிரியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கணக்கு கடினமானது அல்ல. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியதே. ஐந்து பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். அவர்கள் வாங்கிய மார்க்குகள் 33, 34, 35, 36, 37. சராசரி 35. பக்கத்து வகுப்பில் 5, 10, 30, 60, 70. கூட்டி ஐந்தால் வகுத்தால் அங்கும் அதே 35. மேலிடத்துக்குப் போகும் தாளில் இரண்டு வகுப்புகளும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முதல் வகுப்பில் எல்லோரும் கரையோரத்தில் நிற்கிறார்கள். ஒரு மாதம் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தால் அத்தனை பேரும் ஏறிவிடுவார்கள். இரண்டாவதில் இரண்டு பேர் கரையேறிப் போயேவிட்டார்கள். இரண்டு பேர் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள். 35 வாங்கிய பிள்ளை ஒன்று அந்த வகுப்பிலேயே கிடையாது. இல்லாத பிள்ளைக்காகப் பாடம் நடத்தினால் இருக்கிற ஐந்து பேருக்கும் அது பயன்படாது. சராசரியோடு, மிகத் தாழ்ந்தது எது, மிக உயர்ந்தது எது, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது எது என்ற மூன்றையும் சேர்த்து எழுதிவிட்டால் இந்த மாயை கலைந்துவிடும். பெல்ஜியத்துக் கெத்தலே 1835-ல் ‘சராசரி மனிதன்’ என்று ஒருவனைப் படைத்து, அவனையே மனித குலத்தின் இலட்சியமாக வைத்துப் பேசினார். அந்த மனிதனைச் சந்தித்தவர் எவரும் இல்லை.

ஏலக்காய் வியாபாரி இந்த விஷயத்தில் கெத்தலேயைவிடக் கெட்டிக்காரர். சல்லடையில் சலித்து, எட்டு மில்லி மீட்டருக்கு மேற்பட்ட காயைத் தனியாகப் பிரிக்கிறார், அதோடு விடுவதில்லை. பார்வைக்குப் பெரிய காய் உள்ளே பதராக இருக்கக்கூடும் என்று ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்றும் நிறுத்துப் பார்க்கிறார். ஓர் அளவை நம்பி அவர் பணத்தைக் கொடுப்பதில்லை. நாம் ஒரே ஒரு மார்க்கை நம்பிப் பிள்ளையின் தலையெழுத்தை எழுதிவிடுகிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டோரில் உலர்த்தி எடுத்த காயைத்தான் சலிக்கிறார்கள். உலர்ந்த காய் இனி வளரப் போவதில்லை; சல்லடைக்குக் கீழே விழுந்தது கீழேயே கிடக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளை பச்சைக் காய்.

பிரம்பைப் பற்றிக் கணக்கு சொல்லும் ஒரு சேதி இருக்கிறது. தந்தையரின் உயரத்தையும் மக்களின் உயரத்தையும் அளந்து பார்த்த கால்டன் என்ற ஆங்கிலேயர், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களைவிடக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் அவர்களைவிட உயரமாகவும், ஊர் நடுவளவை நோக்கித் திரும்புகிறார்கள் என்று 1886-ல் எழுதினார். பரீட்சையிலும் இதே கதைதான். வழக்கமாக ஐம்பது வாங்குகிற பையன் ஒரு முறை முப்பது வாங்கினால், அடுத்த முறை பெரும்பாலும் ஐம்பதுக்குப் பக்கத்தில் வந்துவிடுவான். யாரும் ஒன்றும் செய்யாமலே வந்துவிடுவான். முப்பது வாங்கியபோது உபாத்தியாயர் நாலு அடி கொடுத்திருந்தால், அடிதான் அவனைத் தூக்கி நிறுத்தியது என்று அவர் நம்புவார். அதே பையன் ஒரு முறை எழுபது வாங்கித் தட்டிக்கொடுக்கப்பட்டால், அடுத்த முறை இறங்குவான். பாராட்டினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று அவரே சொல்வார். எத்தனை தலைமுறைப் பிள்ளைகளின் முதுகு இந்தக் கணக்குத் தெரியாமையால் வீங்கியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அடித்தவர்களில் பலர் கொடியவர்களே அல்ல. தாம் கண்ணால் கண்டதை நம்பியவர்கள்.

சிறிய பள்ளிகளின் சங்கடம் வேறு. குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் எட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியைக் கற்பனை செய்யுங்கள். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அந்தப் பள்ளியின் தேர்ச்சி பன்னிரண்டரை சதவிகிதம் சரிந்துவிடும். நானூறு பேர் படிக்கும் நகரத்துப் பள்ளியில் ஒருவன் படுத்தால் கால் சதவிகிதம். ஆகவே பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்னஞ்சிறு பள்ளிகளே மாறி மாறி வந்துகொண்டிருக்கும். ஒரு வருஷம் மாலை, மறு வருஷம் விளக்கம் கேட்டுக் கடிதம். மாலைக்கும் கடிதத்துக்கும் அந்த ஆசிரியர் பொறுப்பல்ல.

இனி வராதவர்களுக்கு வருகிறேன். இதுதான் என் மனத்தை அறுக்கிற இடம்.

ஏலக்காய் எடுப்பு ஏறக்குறைய ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை போகும். ஒரே நாளில் பறித்து முடிக்கிற பயிர் அல்ல அது. காய் முதிர முதிர, முப்பது நாற்பது நாளுக்கு ஒரு சுற்றாக எடுக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் போடிமெட்டு ஏறுகின்றன. உள்ளே நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கி, குனிந்தபடி தூரில் காய் பறித்துவிட்டு, இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். காலாண்டுப் பரீட்சை செப்டம்பரில். அரையாண்டுப் பரீட்சை டிசம்பரில். பள்ளிக்கூடத்துப் பஞ்சாங்கத்தின் நடுப்பகுதி முழுவதன்மேலும் தோட்டத்துப் பஞ்சாங்கம் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஓர் ஆசிரியர், தாமதமாக வருகிற பிள்ளைகளின் மார்க்கையும் நேரத்தில் வருகிறவர்களின் மார்க்கையும் இரண்டு கட்டங்களில் எழுதிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாமதக்காரர்கள் பத்து மார்க்கு பின்னால் நிற்கிறார்கள். ‘சோம்பல் படிப்பைக் கெடுக்கிறது’ என்று முடிவு கட்டி, வாசலில் முட்டி போட வைக்கலாம். கணக்கு அதுவரைக்கும்தான் பேசியது. சோம்பல் என்ற சொல்லை அது சொல்லவில்லை, அவர் சேர்த்தது. அம்மா நான்கு மணிக்கு ஜீப் ஏறிப் போய்விட்டாள். மூத்த பெண் உலை வைத்து, தம்பியைக் குளிப்பாட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருகிறாள். தாமதத்துக்கும் அதுதான் காரணம். இரவில் புத்தகம் திறக்காததற்கும் அதுதான் காரணம். தாமதம் மார்க்கைக் கெடுக்கவில்லை. இரண்டையும் ஒரு ஜீப் கெடுத்தது. அதே ஆசிரியர் தேதிவாரியாக எழுதிப் பார்த்திருந்தால், வராத நாட்கள் நாற்பது நாளுக்கு ஒரு முறை கொத்துக் கொத்தாக விழுந்திருப்பதைக் கண்டிருப்பார். சோம்பலுக்குச் சுற்று ஏது? எடுப்புக்குத்தான் சுற்று உண்டு. இங்கே எண்ணிப் பார்ப்பது அந்தப் பெண்ணை அவமதிப்பது ஆகாது. எண்ணாமல் முட்டி போட வைத்ததுதான் அவமதிப்பு.

எண்ணுவதிலும் ஒரு பாவம் உண்டு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் முப்பது பேர் தேறுகிறார்கள்: 75 சதவிகிதம். தேறாத பத்துப் பேரில் ஆறு பேர் பரீட்சைக்கே வரவில்லை என்றால், முப்பத்து நாலு பேரில் முப்பது பேர்: 88 சதவிகிதம். ஒரு பிள்ளைகூட ஓர் எழுத்து அதிகமாகக் கற்கவில்லை. ஆனால் பள்ளி முன்னேறிவிட்டது! அந்த ஆறு பேரை யாரும் விரட்ட வேண்டியதில்லை. மலைக்குப் போனவர்களைத் தேடி ஆள் அனுப்பாமல் இருந்தால் போதும். தேடாமல் இருப்பதற்கு வெகுமதி கிடைக்கிற ஒரு கணக்கைப் போட்டு வைத்துவிட்டு, ஆசிரியரிடம் தர்மத்தைப் பேசுவதில் என்ன நியாயம்? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மாநிலத்தில் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-ல் கைவிட்டது. நல்ல காரியம். மாவட்டங்களைச் சதவிகித வரிசையில் நிறுத்துகிற வழக்கம் மட்டும் அதோடு போகவில்லை.

ஆபிரகாம் வால்ட் என்று ஒரு கணித மேதை இருந்தார். ஹங்கேரிய யூதர், நாஜிகளுக்குத் தப்பி 1938-ல் அமெரிக்கா போனவர். இரண்டாம் உலகப் போரின்போது, போர் விமானங்களுக்கு எந்தப் பாகத்தில் கூடுதல் கவசம் போடலாம் என்ற கேள்வி அவரிடம் வந்தது. திரும்பி வந்த விமானங்களில் எங்கெங்கே குண்டு பாய்ந்திருக்கிறது என்ற விவரம் கையில் இருந்தது. துளைகள் நிறைந்த இடத்தில் கவசம் போடுவதுதானே நமக்குத் தோன்றும்? வால்ட் வேறு விதமாகப் பார்த்தார். அங்கே அடிபட்டும் அவை திரும்பி வந்துவிட்டனவே! எந்த இடத்தில் அடிபட்டவை திரும்பவே இல்லையோ, அந்த இடம் அல்லவா உயிர்நிலை? வந்தவற்றைப் பார்த்து வராதவற்றைக் கணக்கிட்டார். அந்த மனிதர், நம் அரசின் அழைப்பில் சொற்பொழிவுகள் நிகழ்த்த இந்தியாவுக்கு வந்து, 1950 டிசம்பர் 13-ல் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு மாண்டார். நம்முடைய மலையில், திரும்பி வராத ஒரு விமானத்தில்.

பரீட்சைத் தாள்கள் திரும்பி வந்த விமானங்கள். தவறுகளைச் சிவப்பு மையால் சுழித்து, எந்தப் பாடத்தில் பலவீனம் என்று கண்டுபிடித்து, அங்கே கூடுதல் வகுப்பு வைக்கிறோம். வேண்டியதுதான். ஆனால் தாளே கொடுக்காத பெண் எந்தப் பாடத்தில் பலவீனம்?

இதற்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். ஆஜர்ப் பட்டியலில் ‘வரவில்லை’ என்று குறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு இன்னொரு கட்டம் கோடு போட்டு, ஏன் என்று இரண்டு சொல் எழுதலாம். காய்ச்சல், காய் எடுப்பு, தம்பிக்குத் துணை, தெரியவில்லை. சதவிகிதம் போடும்போது பரீட்சைக்கு வந்தவர்களால் வகுக்காமல், ஜூன் மாதம் பேர் எழுதிக்கொண்டவர்களால் வகுக்கலாம். எண் சிறுத்துப்போகும், தலைமை ஆசிரியருக்கு அதைக் கையெழுத்திட்டு அனுப்பக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். அந்தச் சிறுத்த எண்ணைக் கண்டு மேலிடம் கோபிக்காமல், ‘தெரியவில்லை’ என்று எழுதிய கட்டங்கள் எத்தனை என்று கேட்கிற காலம் வந்தால், ஆசிரியர் பொய் எழுத வேண்டியிராது.

தையில் கடைசிச் சுற்று முடிந்து ஜீப்புகள் குறையும்போது சில பிள்ளைகள் தாமாகவே திரும்பி வந்து பழைய இடத்தில் உட்காருவார்கள். பொதுத்தேர்வு மார்ச்சில். அவர்களுக்குக் கையில் இருப்பது எட்டு வாரம். விட்டுப்போனது ஐந்து மாதத்துப் பாடம்.