பலகையில் எழுதும் முன்

எங்கள் பகுதி இளைஞர் மன்றப் பையன்கள் போன மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். திருவொற்றியூரில், கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் சின்ன மன்றம். ஒரு கேரம் போர்டு, இரண்டு ஜோடி பாக்ஸிங் கிளவுஸ், மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன். "சார், பலகையில எழுதி மாட்டப் போறோம். தப்பு இருந்தா திருத்திக் குடுங்க" என்றார்கள். உறுப்பினர் நடத்தை விதிகள், மொத்தம் பதினான்கு. அவற்றில் பன்னிரண்டு 'கூடாது' என்று முடிந்தன.

எழுத்துப்பிழை திருத்த ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பதினான்கு விதியும் பையன்களைப் பற்றியவை. மன்றத்தைத் திறந்து மூடும், பாக்ஸிங் சொல்லித் தரும், நன்கொடை வாங்கும் பெரியவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இந்தக் குறை எங்கள் மன்றத்துக்கு மட்டும் உரியதன்று. உலகத்தின் மிகப் பெரிய இளைஞர் இயக்கங்களில் ஒன்றின் விதிப் பட்டியலிலும் இதே குறை நூறு வருடம் இருந்தது. அதனால் அந்தப் பட்டியலையே பையன்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

அது சாரணர் விதி. பள்ளியில் 'ஸ்கவுட்' என்று சொல்லி, கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி ஒப்பித்திருப்போமே, அதுதான். சாரணர் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் ஒற்றர் என்றும் பொருள் உண்டு. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் ஆங்கிலேயப் படைத்தளபதி. வேவு பார்க்கும் கலையைப் படைவீரர்களுக்குக் கற்பித்தவர். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் ஏறக்குறைய இருபது பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்திப் பார்த்துவிட்டு, 1908-இல் அந்தப் பயிற்சியை நூலாக வெளியிட்டார். அதில் ஒன்பது விதிகள் இருந்தன. எண்ணத்திலும் சொல்லிலும் செயலிலும் தூய்மை என்னும் பத்தாவது விதி 1911-இல் சேர்ந்தது.

இந்தியாவுக்கு அது 1909-லேயே வந்துவிட்டது. ஆனால் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். இந்தியப் பிள்ளைகளுக்கு அணிவகுப்பும் வேவும் கற்றுக் கொடுத்தால் நாளை அது யார்மேல் திரும்பும் என்ற பயம் அரசாங்கத்துக்கு. எல்லாருக்கும் நண்பன் என்று விதியில் எழுதிவைத்துவிட்டு வாசலில் தோலின் நிறத்தைப் பார்த்தார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில், 1916-ஐ ஒட்டி, பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் நம் சென்னையிலேயே இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, கூடாரத் தீயைச் சுற்றி இந்தியப் பாட்டு. வடக்கே 1918-இல் மாளவியாவும் குன்ஸ்ருவும் வேறொரு சங்கம் கண்டார்கள். 1921-இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. கதவு திறந்தது. விதியின் வாசகத்தில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. அதை வாசலில் மறித்துக்கொண்டு நின்றவர்களை நகர்த்த வேண்டியிருந்தது.

இனி விதிகளுக்கு உள்ளே போகலாம்.

பழைய பட்டியலின் இரண்டாம் விதி விசுவாசம். யாருக்கு? மன்னருக்கு, அதிகாரிகளுக்கு, நாட்டுக்கு, அதோடு முதலாளிக்கு. இந்தக் கடைசிச் சொல்லைப் படித்ததும் பையன்கள் நிமிர்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் தாத்தாக்கள் விம்கோ தீப்பெட்டி ஆலையிலோ என்ஃபீல்டிலோ லேலண்டிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்தவர்கள். முதலாளிக்கு விசுவாசம் என்பதைச் சிறுவர்களின் அறமாக எழுதிவைத்த அதே காலத்தில் வட சென்னையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகள். 1918 ஏப்ரல் 27 அன்று அந்தத் தொழிலாளர்களைச் சேர்த்து மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. தலைமை ஏற்றவர் பி.பி. வாடியா, அடையாறு பிரம்மஞான சபைக்காரர், பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை செய்தவர். கூடவே திரு.வி.க. இருந்தார். ஆக, ஒரே வட்டத்து மனிதர்கள் ஓரிரு வருட இடைவெளியில் இரண்டு அமைப்புகளைக் கட்டியிருக்கிறார்கள். ஒன்றின் மூல விதி முதலாளிக்கு விசுவாசமாக இருக்கச் சொன்னது. மற்றொன்று முதலாளியிடம் கூலியும் மரியாதையும் கேட்கச் சொல்லித் தந்தது.

இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் விதியில் விசுவாசம் இருக்கிறது, யாருக்கு என்ற பட்டியல் இல்லை. மன்னரும் போனார், முதலாளியும் போனார். நல்லது என்றே நினைக்கிறேன். விசுவாசத்தை ஒரு இளைஞன் தானே யோசித்து ஓரிடத்தில் வைக்க வேண்டும். அது இன்னாருக்கு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பவர், தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்கிறார் என்றே பொருள்.

அடுத்து நட்பு. 1908-இன் வாசகம் ஒரு விஷயத்தில் துணிச்சலானது. மற்றவன் எந்தச் சமூக வர்க்கத்தைச் சேர்ந்தவனாக இருந்தாலும் அவன் உன் சகோதரன் என்று பிளவின் பெயரைச் சொல்லியே எழுதியிருந்தது. இங்கிலாந்தின் பிளவு வர்க்கம். அதை வாய்விட்டுச் சொன்னார்கள். இன்றைய நம் விதி, எல்லாருக்கும் நண்பர், சாரணர் ஒவ்வொருவருக்கும் சகோதரர் என்று பொதுவாக முடிந்துவிடுகிறது. நம்முடைய பிளவின் பெயர் அதில் இல்லை. பெயர் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் 1921 காட்டியது. பேடன் பவல் வந்துபோன அதே வருடம் பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்ப, தோழர்களாக ஒரே சங்கத்தில் இருந்தவர்கள் சாதிப்படி பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. சங்கத்தில் ஒற்றுமை என்ற சொல் இருந்தது. சாதி என்ற சொல்லைப் பேசி முடித்திருந்தார்களா என்பதுதான் கேள்வி. எங்கள் பையன்களின் நோட்டில் 'அனைவரிடமும் அன்பாகப் பழக வேண்டும்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, 'சாதியோ மதமோ குப்பமோ சொல்லி யாரையும் கூப்பிடக் கூடாது, கேட்கவும் கூடாது' என்று எழுதச் சொன்னேன். 'குப்பம்' என்ற சொல்லை அவர்களே சேர்த்தார்கள். எனக்கு அது தோன்றவில்லை.

மிக அதிக நேரம் பிடித்தது கீழ்ப்படிதல். பழைய ஏழாம் விதிப்படி அணித்தலைவனின் கட்டளைக்கு எதிர்க்கேள்வி கேட்காமல் பணிய வேண்டும். படைமுகாமிலிருந்து நேரே வந்த விதி. நம் ஊரில் இது எழுதப்படாமலே வாழ்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலிலும் மாநகரப் பேருந்திலும் கல்லூரிக்குப் போகும் மாணவர்களிடையே 'ரூட்டு' உண்டு, ரூட்டுக்கு ஒரு 'தல' உண்டு. தல சொன்னால் செய்ய வேண்டும். நம்ம ரூட்டுப் பையனை யாரும் தொடக் கூடாது. எதிர் ரூட்டுக்காரனைப் பார்த்தால் விடக் கூடாது. இதுவும் ஒரு நடத்தை விதிதான், எந்தப் பலகையிலும் இல்லாவிட்டாலும். விசுவாசம், சகோதரத்துவம், கீழ்ப்படிதல், அஞ்சாமை என்று சாரணர் விதியின் நல்ல சொற்களில் நான்கு அதில் அப்படியே இருக்கின்றன. அந்தப் பையன்களுக்கு ஒழுங்கு தெரியாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்களிடம் இருப்பது மிகக் கடுமையான ஒழுங்கு. கேள்வி கேட்கும் உரிமை மட்டும் அதில் இல்லை. அதனால்தான் கானாவும் தாளமுமாகத் தொடங்கும் பயணம் சில நாள் கல்வீச்சிலும் கத்தியிலும் முடிகிறது.

பாரத சாரணர் விதி இந்த இடத்தில் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. சாரணர் சங்கங்கள் ஒன்றாகி 1950 நவம்பர் 7 அன்று பிறந்தது அந்த இயக்கம். அதன் விதியில் கட்டளைக்குப் பணிவது என்பது போய், கட்டுப்பாடு உள்ளவராக இருப்பதும் பொதுச் சொத்தைக் காக்க உதவுவதும் ஒரே வரியில் வந்தன. ஒழுங்கு என்பது இங்கே ஒரு தலைவரை நோக்கித் திரும்பியிருக்கவில்லை. பேருந்தின் கண்ணாடியையும் தெருக்குழாயையும் நோக்கித் திரும்பியிருக்கிறது. சிரித்துக்கொண்டும் சீட்டியடித்துக்கொண்டும் இரு என்ற பழைய விதி தைரியமாக மாறிவிட்டது. சிக்கனம் அப்படியே நிற்கிறது. அதைப் பற்றிப் பையன்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, மீன் விற்கும் தாயிடம் அவர்கள் அதைக் கற்றாகிவிட்டது. உறுதிமொழியில் கடவுள் என்ற சொல்லுக்குப் பதில் தர்மம் என்று வேண்டுவோர் சொல்லிக்கொள்ளலாம்.

விலங்குகளின் நண்பன் என்ற விதியோடு இயற்கையை நேசிப்பதும் சேர்ந்திருக்கிறது. இதைப் படித்தபோது பேச்சு எண்ணூருக்குப் போனது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர்க் கரையில் கன்னங்கரேலென்று எண்ணெய் ஒதுங்கியது. குழாய் வைத்து உறிஞ்சும் முயற்சி அந்தக் கூழிடம் பலிக்கவில்லை. மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் வரிசையாக நின்று வாளியில் அள்ளிக் கைமாற்றினார்கள். கடமை, உதவி, இயற்கை நேசம், தைரியம் என எந்த விதியை எடுத்தாலும் அன்று அந்தப் பிள்ளைகள் தேறியிருப்பார்கள். ஆனால் பலர் சரியான கையுறையும் முகமூடியும் இல்லாமல் நின்றார்கள். கப்பல் எரிபொருள் தோலில் படவும் அதன் ஆவியை மூச்சில் இழுக்கவும் உகந்த பொருள் அன்று. அந்தப் பிள்ளைகளின் பங்கைச் சொல்ல விதி இருந்தது. அவர்களைக் கரைக்கு அழைத்தவர்கள் பங்கைச் சொல்ல விதி எங்கே?

நூறாண்டுக் குறை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். சாரணர் விதி முழுவதும் சிறுவன் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. அவன்மேல் அதிகாரம் உள்ள பெரியவர் செய்யக் கூடாததைச் சொல்லவில்லை. பணிவையும் விசுவாசத்தையும் கற்ற பிள்ளை, தன்னைத் தவறாகத் தொட்ட பெரியவரைப் பற்றி வாய் திறக்கத் தயங்கும். இதற்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரியது: பாலியல் கொடுமை வழக்குகள் குவிய, அந்நாட்டுச் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவாலாகி நீதிமன்றம் போனது; அங்கே தாங்களும் ஆளானதாக எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முறையிட்டார்கள். உலகச் சாரணர் அமைப்பு 2002 முதல் பிள்ளைகளின் பாதுகாப்பைத் தனிக் கொள்கையாகவே பேசிவருகிறது.

நம் நாட்டில் 2012-இன் போக்சோ சட்டம் இன்னும் நேரடியானது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கலாம் என்ற அச்சம் இருந்தாலும், தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். இது 19-ஆம் பிரிவு. சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. மன்றத்தின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம் என்பது இனி நல்லெண்ணம் ஆகாது, குற்றம்.

பையன்கள் நோட்டை எடுத்துப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். பதினான்கு ஒன்பதாகக் குறைந்திருந்தது. கீழே கோடு போட்டு, 'பொறுப்பாளர்களுக்கு' என்ற தலைப்பில் புதிதாக ஐந்து. தனியாக ஒரு பிள்ளையோடு கதவை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. நன்கொடைக் கணக்கு மாதாமாதம் சுவரில் ஒட்ட வேண்டும். கையுறை இல்லாமல் பிள்ளைகளைச் சாக்கடை வேலைக்கோ கடற்கரைச் சுத்தத்துக்கோ அனுப்பக் கூடாது. பாக்ஸிங்கில் அடிபட்டால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல்ல வேண்டும். புகார் சொன்ன பிள்ளையை மன்றத்தை விட்டு நீக்கக் கூடாது. அதற்கும் கீழே, சற்றுப் பெரிய எழுத்தில், குழந்தைகள் உதவி எண் 1098.

பலகையில் எல்லாவற்றுக்கும் இடம் போதாது, மன்றத் தலைவர் பெயரையும் நன்கொடையாளர் பெயரையும் எடுத்துவிடலாமா என்று பெயிண்டர் கேட்டிருக்கிறார். எடுத்துவிடுங்கள் என்று தலைவரே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாட்டுகிறார்கள்.