மொழியைப் பறித்து ஒற்றுமை வளர்க்கலாமா?

இந்தோனேசியாவில் சென்று இறங்கும் பயணிகளுக்கு ஒரு காலத்தில் சுங்கப் படிவம் ஒன்று தரப்படும். நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாதவை இவையிவை என்று அதில் அச்சிடப்பட்டிருக்கும். போதைப் பொருள், படைக்கலம், ஆபாச ஏடுகள் ஆகியவற்றின் வரிசையில் மற்றொன்றும் இடம் பெற்றிருந்தது: சீன எழுத்தில் அச்சிட்ட தாள்கள்! ஒரு மக்களின் எழுத்து, நஞ்சோடும் துப்பாக்கியோடும் ஒரே பட்டியலில் சேர்ந்தது எங்ஙனம்? அது நீதியாகுமா? முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழும் பெருநாடு அது. ஆகவே இவ்வினாவை யாருக்கோ உரியதென்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். டச்சுக்காரர் ஆட்சியில் பத்தாவியா எனப்பட்ட ஜகார்த்தாவில், 1900ஆம் ஆண்டு சீனர்கள் தியோங் ஹோவா ஹுவே குவான் என்னும் சங்கத்தை நிறுவினர். அடுத்த ஆண்டே அது ஒரு பள்ளியைத் திறந்தது. பல தலைமுறைகளாக அம்மண்ணில் வாழ்ந்து, வீட்டில் மலாய் பேசிப் பழகிவிட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே மாண்டரின் மொழியும் முன்னோர் நெறியும் போதிக்கப்பட்டன. அத்தகைய பள்ளிகள் தீவுதோறும் பெருகின.

1965ஆம் ஆண்டின் அரசியல் கொந்தளிப்புக்குப் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 1966இல் சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. சீனப் பெயர்களைக் களைந்து இந்தோனேசியப் பெயர்களைச் சூடிக் கொள்ளுமாறு மக்கள் தூண்டப்பட்டனர். 1967இல் பிறந்த 14ஆம் எண் ஆணை, சீனர்தம் சடங்குகளையும் விழாக்களையும் வீட்டுச் சுவர்களுக்குள் அடக்கியது. சுகார்த்தோவின் ஆட்சி முழுவதும் இந்நிலை நீடித்தது.

அரசின் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. அதை மறைப்பது நேர்மையன்று. அப்பள்ளிகளுட் பல பீக்கிங்கையோ தைப்பேயையோ நோக்கி நின்றன. அயல்நாட்டு அரசியலின் சச்சரவுகள் வகுப்பறைக்குள்ளும் நுழைந்தன. நூற்றுக்கணக்கான மொழிகளைப் பேசும் தீவுக் கூட்டத்தை ஒரு நாடாக்க விழைந்தவர்களுக்கு அது அச்சமூட்டியதில் வியப்பில்லை. தன் மண்ணில் வளரும் பிள்ளை தன் நாட்டு வரலாற்றையும் பொது மொழியையும் கற்க வேண்டுமென்று கேட்பது அரசின் உரிமையே. பாடத்திட்டத்தை வகுக்கலாம், ஆசிரியரின் தகுதியை ஆராயலாம். ஆனால், பள்ளியைத் திருத்தும் உரிமை மொழியையே துடைத்தெறியும் உரிமையாக விரியுமா என்பதே நம் கேள்வி.

இதற்கு விடை அந்நாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1928 அக்டோபர் 28ஆம் நாள் இளைஞர்கள் கூடி உறுதிமொழி ஏற்றனர். ஒரே தாயகம், ஒரே இனம் என்று முழங்கிய அவர்கள், மொழியைப் பற்றிக் கூறுகையில் சொல்லை மாற்றினர். ஒரே மொழியே உண்டு என்று அவர்கள் சொல்லவில்லை; ஒற்றுமை மொழியாகிய இந்தோனேசிய மொழியைப் போற்றுவோம் என்றார்கள். எண்ணிக்கையில் மிகுந்த ஜாவானியர் தம் மொழியே அரியணை ஏற வேண்டுமென்று வாதாடாமல், சிறுபான்மையினரின் மலாயை ஏற்றுக் கொண்டனர். அவர்களுடைய தாய்மொழியோ வீட்டில் அழியாது நின்றது. அந்த உறுதிமொழி ஏற்கப்பட்ட வீட்டின் உரிமையாளர் சீ கொங் லியான் என்னும் சீனர். நாட்டுப் பண்ணை முதன்முதலில் அச்சிட்டு வெளியிட்டது சீனர் நடத்திய சின் போ என்னும் ஏடு. தாமாக முன்வந்து கொடுத்தவர்களால் எழுந்தது அவ்வொற்றுமை. 1966இல் நடந்ததோ பறிமுதல். கொடுப்பவன் உள்ளத்தில் பிறக்கும் பற்று, பறிகொடுத்தவன் உள்ளத்தில் பிறக்குமா?

பறித்ததனால் விளைந்த பயன்தான் என்ன? ஒரு தலைமுறை முழுவதும் பெயரை மாற்றிற்று, எழுத்தை மறந்தது, விழாவைக் கதவடைத்துக் கொண்டாடிற்று. அப்படியிருந்தும் 1998 மே மாதக் கலவரத்தில் தீக்கிரையானவற்றுள் மிகுதி சீனர்தம் கடைகளும் வீடுகளுமே. மறதி அவர்களைக் காக்கவில்லை. அண்டை வீட்டார் அவர்களைத் தம்மவர் என்று கருதுமாறு செய்யவுமில்லை. ஒற்றுமைக்கென்று செலுத்தச் சொன்ன விலையைச் செலுத்திய பின்னரும் அவர்களுக்கு ஒற்றுமை கிட்டவில்லை.

இந்த அநீதியைக் களைய முற்பட்டவர் ஓர் ஆலிம் என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத் தக்கது. அப்துர் ரஹ்மான் வாஹித், நஹ்ளத்துல் உலமா இயக்கத்தை நிறுவிய ஹாஷிம் அஷ்அரி அவர்களின் பேரர். கெய்ரோவிலும் பக்தாதிலும் பயின்றவர். 1999இல் குடியரசுத் தலைவரான அவர், 2000 ஜனவரியில் 1967ஆம் ஆண்டின் அந்த ஆணையை நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறையாயிற்று. 2004இல் செமாராங் நகரத்துச் சீனர்கள் தங்கள் கோயிலில் அவரைச் சீன மக்களின் தந்தை என்று போற்றினார்கள். மொழிகளின் வேற்றுமையைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக இறைவன் திருமறையின் அர்ரூம் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். அந்த அத்தாட்சியை மதிப்பது தம் ஆட்சிக் கடமை என்பதை அவர் செயலிற் காட்டினார்.

ஆயினும் தடையை நீக்குவது வேறு, இழந்ததை மீட்பது வேறு. மாலாங் நகரில் 1966இல் மூடப்பட்ட மா சுங் பள்ளியின் பழைய மாணவர்கள், முதுமையெய்திய பின் ஒன்று சேர்ந்து, 2007இல் அதே பெயரில் பல்கலைக்கழகமொன்றைத் திறந்தனர். இன்று பல பள்ளிகளில் இந்தோனேசியம், ஆங்கிலம், மாண்டரின் ஆகிய மூன்றும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அங்கே பயிலும் பேரப்பிள்ளையின் பாட்டி பேசியதோ ஹொக்கியன் அல்லது ஹக்கா. வாணிகத்துக்கு உதவும் மொழி பள்ளியில் கிடைக்கிறது. தாலாட்டின் மொழியைப் பள்ளியால் தர இயலவில்லை. அதைத் தரவேண்டியவர்கள், பேச அஞ்சிய காலத்திலேயே மறைந்து விட்டார்கள்.

இதைப் படிக்கும் நாம் நம் இல்லத்தையும் ஒருமுறை நோக்குதல் நன்று. ஜாவா நாட்டு மதரஸாக்களில் உள்ளூர் மொழியை அரபு எழுத்தில் வரையும் பெகோன் உண்டு. அதன் உடன்பிறப்புப் போன்ற அரபுத் தமிழ் நம்மிடம் இருந்தது. நம் பாட்டிமார் மார்க்கம் பயின்றது அதில்தான். அதை எந்த அரசும் தடுக்கவில்லை. எந்தச் சுங்கப் படிவமும் விலக்கவில்லை. நாமே ஏட்டைப் பரணில் ஏற்றினோம். பறிகொடுத்தவர்கள் முதுமையிலும் பல்கலைக்கழகம் கட்டினார்கள். பறிக்கப்படாமலே இழந்த நாம் என்ன செய்யப் போகிறோம்?

கிழக்கு ஜாவாவில் பைட்டன் என்னும் ஊரில் நூருல் ஜதீத் என்றொரு மதரஸா இருக்கிறது. திருக்குர்ஆன் ஓதும் அதன் மாணவர்களுக்குச் சீன மொழியும் கற்பிக்கப்படுகிறது. சுங்கச் சாவடியில் தடுக்கப்பட்ட எழுத்தை, இன்று முஸ்லிம் சிறுவன் தன் பலகையில் விரும்பி எழுதுகிறான். அவனுடைய ஈமானுக்கும் அதனால் ஊறு நேரவில்லை. நாட்டின் ஒற்றுமைக்கும் நேரவில்லை.