கல் பேசும், காப்பாற்றுவோம்

கோயில்னா சாமி கும்பிடும் இடம் மட்டும்தானா? கெடா மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பஹாட் பழங்கோயிலைப் போய்ப் பாருங்கள். கூரை இல்லை. ஆனால் எஞ்சிய கருங்கல் அமைப்பே விமானம் எது, மண்டபம் எதுன்னு காட்டிவிடும். தூண்தாங்கிக் கற்களைப் பார்த்தால், அங்கே மரத்தூண்கள் நின்றதும் புரியும்.

கடலுக்கு அப்பால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திர சோழன் கடாரம் வென்ற செய்தி இருக்கிறது. இரு கரைக்கும் இருந்த தொடர்புக்குக் கல்லே சாட்சி.

அந்தச் சாட்சியை அழிப்பது சுலபம். பூஜாங் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் கோயிற்சின்னம், நிலமேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டது 2013-இல் வெளியே தெரிந்தது.

நம்ம ஊர்க் கோயிலில் அடுத்த திருப்பணி தொடங்கும் முன், பழைய கல்வெட்டுகளைப் படம் எடுங்க. பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்க. அதுவும் இறைத்தொண்டுதான்.